சர்வருக்கு 4 நிமிடம் வேண்டும், மலையில் சிக்னல் அதுவரை நிற்பதில்லை: போலிங் சரியான வழியா?

கட்டபெட்டு_பச்சை கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்கு இலை கொடுக்கும் சிறு விவசாயிகளுக்காக ஒரு மொபைல் ஆப் நடத்துகிறோம், நானும் இன்னொருவரும் மட்டும்தான். ஷெட்டில் தினமும் எடை போட்டதும் ஆப்பில் ஏறிவிடும், அதில் தொல்லை இல்லை. தொல்லை எல்லாம் மாதக் கணக்கில்தான். ஒருவர் 'மாதக் கணக்கு' பட்டனை அழுத்தினால் அந்த மாதத்து எடை முழுவதையும் சர்வர் எடுத்து, மழை நாளில் ஈரத்துக்குக் கழித்தது, உரத்துக்குப் பிடித்தது, முன்பணம் எல்லாவற்றையும் போட்டு ஒரு பிடிஎஃப் செய்து தர வேண்டும். ஒருவர் மட்டும் கேட்டால் 40 நொடியில் வந்துவிடும். மாதம் பிறந்த முதல் இரண்டு நாளில் 600 பேர் போட்டி போட்டு அழுத்தும்போது 4 நிமிடம் வரை இழுக்கிறது.

சர்வர் பக்கம் ஜாங்கோவில் எழுதியது, அதை ஓட்டுவது குனிகார்ன், முன்னால் ரிக்வெஸ்டை வாங்கி உள்ளே அனுப்பும் என்ஜின்எக்ஸ், பின்னால் டேட்டாபேஸாகப் போஸ்ட்கிரெஸ். முதலில் குனிகார்ன் 30 நொடியில் வொர்க்கரை (ரிக்வெஸ்டைக் கவனிக்கும் புராசஸை) கொன்றது, அதை 300 ஆக்கினேன். அப்புறம் என்ஜின்எக்ஸ் 60 நொடியில் 504, அதாவது 'பதில் நேரத்துக்கு வரவில்லை' என்ற பிழையைக் கொடுத்தது, அதையும் 300 ஆக்கினேன். இப்போது போனிலேயே இணைப்பு அறுந்துவிடுகிறது. கட்டபெட்டிலிருந்து கோத்தகிரி வரும் வழியில் ஒரு வளைவில் சிக்னல் முழுதாக இருக்கும், அடுத்த வளைவில் ஒன்றுமே இருக்காது, ஹட்டிக்குள், அதாவது படுகர் ஊருக்குள், வீட்டுக்கு வீடு வேறுபடும். 4 நிமிடம் ஒரே இணைப்பைப் பிடித்து வைத்திருப்பது இங்கே நடக்கிற காரியம் இல்லை.

இதைவிட மோசமானது ஒன்று நடந்தது. முன்பணம் கேட்கும் பக்கமும் இதே மாதிரிதான் வேலை செய்கிறது. போன மாதம் ஒரு பெரியவர் 2000 ரூபாய் கேட்டு அழுத்தியிருக்கிறார், வட்டம் சுற்றிக்கொண்டே இருந்ததால் மறுபடி அழுத்தியிருக்கிறார், இரண்டும் பதிவாகி அவர் கணக்கில் 4000 பிடித்துவிட்டோம். தெரிந்ததும் திருப்பிக் கொடுத்தோம். ஆனால் அந்த மாதம் அவர் வீட்டுச் செலவுக்கு என்ன செய்தாரோ என்று இன்னும் மனசு உறுத்துகிறது.

சர்வர் உடனே 'சரி, வாங்கிக்கொண்டேன்' என்று சொல்லிவிட்டு, போன் அடிக்கடி 'முடிந்ததா, முடிந்ததா' என்று கேட்கும் முறை ஒன்று இருக்கிறதே, போலிங், அது இதற்குப் பொருந்துமா? எத்தனை நொடிக்கு ஒருமுறை கேட்பது? இணைப்பைத் திறந்தே வைத்திருந்து இரண்டு பக்கமும் பேசிக்கொள்ளும் வெப்சாக்கெட்டைப் போடச் சொல்லி ஒரு நண்பர் வற்புறுத்துகிறார். யாராவது செய்திருந்தால் சொல்லுங்கள்.

---

பாலாடா_காரட் பதில்:

பொருந்தும். உங்கள் நிலைமைக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை.

நான் கேத்தி பாலாடா. எங்கள் ஊரில் காரட் கழுவும் மிஷினுக்கு மூட்டை கொண்டுபோனால் வரிசையில் நம் எண்ணைச் சொல்லிவிடுவார்கள். யாரும் மூட்டையைப் பிடித்துக்கொண்டு மிஷின் வாயில் நிற்பதில்லை, டீ குடித்துவிட்டு வந்து 'எத்தனாவது ஓடுது' என்று கேட்போம், அவ்வளவுதான். நீங்கள் டைம்அவுட்டை 300 ஆக்கியது மூட்டையோடு எல்லோரையும் மிஷின் வாயிலேயே நிற்க வைத்தது மாதிரி. குனிகார்னின் சாதாரண வொர்க்கர் ஒரு நேரத்தில் ஒரு ரிக்வெஸ்ட்தான் பார்க்கும், 4 வொர்க்கர் வைத்திருந்தால் 4 பேர் கணக்குக் கேட்டதும் ஐந்தாவது ஆள் லாகின்கூடச் செய்ய முடியாது. இன்னொன்றையும் கவனியுங்கள். என்ஜின்எக்ஸ் 504 கொடுத்தாலும் பின்னால் ஜாங்கோ அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டேதான் இருக்கும், அதற்கு யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. பயனர் மறுபடி அழுத்தினால் அதே வேலை இரண்டாவதாகவும் ஓடும். உங்கள் 40 நொடி 4 நிமிடம் ஆனதில் பாதிக் காரணம் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

செய்ய வேண்டியது இதுதான். பட்டனை அழுத்தினால் வரும் போஸ்ட் ரிக்வெஸ்டில் சர்வர் கணக்கே போடக்கூடாது. டேட்டாபேஸில் 'வேலை' என்று ஒரு வரி எழுதிவிட்டு உடனே 202 திருப்பி அனுப்ப வேண்டும். 202 என்றால் 'ஏற்றுக்கொண்டேன், இன்னும் முடிக்கவில்லை' என்று பொருள், 201-உம் ('உண்டாக்கிவிட்டேன்') 200-உம் ('சரி, இதோ பதில்') வேறு. அந்தப் பதிலோடு போகும் லொக்கேஷன் ஹெடர் என்ற குறிப்பு வரியில் வேலையின் நிலையைக் கேட்கும் முகவரியைக் கொடுத்துவிடுங்கள். காரட் மிஷினில் சொல்லும் வரிசை எண் மாதிரி, இதுதான் சீட்டு. வேலை நிலையைப் பார்க்க ஒரு முகவரி கொடு என்று போனும் சர்வரும் பேசிக்கொள்ளும் விதியான எச்டிடிபியின் இப்போதைய வரையறை, ஆர்எஃப்சி 9110 கூட 202 பற்றிய பகுதியில் சொல்கிறது, 2022-இல் வந்தது. கணக்கைப் போட வேண்டியது தனி புராசஸ், அதற்கும் எச்டிடிபிக்கும் சம்பந்தமே இருக்கக்கூடாது.

போன் அந்த முகவரிக்கு கெட் அனுப்பிக் கேட்கும். காத்திருக்கிறது, ஓடுகிறது, முடிந்தது, தோற்றது என்று நான்கு நிலை போதும். இங்கே பலர் தடுமாறும் இடம், வேலை தோற்றுப்போனாலும் நிலை கேட்ட கெட்டுக்கு 200-தான் கொடுக்க வேண்டும். கேள்வி சரியாகத்தான் கேட்கப்பட்டது, பதிலும் கிடைத்துவிட்டது, 'வேலை தோற்றது' என்பதுதான் அந்தப் பதில். அதற்கு 500 கொடுத்தால் சர்வர் கோளாறா, கணக்கில் கோளாறா என்று போனுக்குத் தெரியாமல் அது கேட்டுக்கொண்டே இருக்கும். முடிந்ததும் 303 கொடுத்து பிடிஎஃப் இருக்கும் இடத்துக்குத் திருப்பிவிடலாம் என்று புத்தகத்தில் இருக்கும். நான் அப்படிச் செய்வதில்லை, பதிலுக்குள்ளேயே இணைப்பைக் கொடுத்துவிடுவேன். 303-ஐ ஆப்பின் லைப்ரரி நமக்குச் சொல்லாமலே பின்தொடர்ந்து போய்விடும், ஃபைல் வேறு டொமைனில் இருந்தால் லாகின் டோக்கன் என்னவாகிறது என்று தேடுவதற்குள் பொழுது போய்விடும்.

நிலை சொல்லும் பதிலில் கேஷ்-கன்ட்ரோல் நோ-ஸ்டோர், அதாவது 'இதை நகல் எடுத்து வைக்காதே' என்ற ஹெடரைப் போட மறக்காதீர்கள். நடுவில் ஏதாவது ஒரு கேஷ் பழைய 'ஓடுகிறது' பதிலைப் பிடித்துவைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பக் கொடுத்ததை நானே பார்த்திருக்கிறேன்.

---

குந்தா_நீர் பதில்:

மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் அந்தப் பெரியவருக்கு நடந்தது இதனால் மட்டும் தீராது. யோசித்துப் பாருங்கள் தம்பி. போன் போஸ்ட் அனுப்புகிறது, சர்வர் வேலையை எழுதிவிட்டு 202 அனுப்புகிறது, அந்த 202 போனுக்கு வரும் வழியில் சிக்னல் போய்விட்டது. சீட்டு கொடுத்தாகிவிட்டது, வாங்க வேண்டியவர் கைக்குப் போகவில்லை. போனைப் பொறுத்தவரை எதுவும் நடக்கவில்லை, அவர் மறுபடி அழுத்துவார், இரண்டாவது முன்பணம் பதிவாகும். முன்பு 4 நிமிடத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் நடந்தது இப்போது அரை நொடிக்குள் நடக்க வேண்டும், அதனால் அரிதாகும். ஆனால் நடக்கும். மஞ்சூர்ப் பக்கம் எங்கள் சிக்னலுக்கு அந்த அரை நொடியே அதிகம்.

அதனால் சீட்டு எண்ணை சர்வர் தரக்கூடாது, போனே உண்டாக்க வேண்டும். பட்டனை அழுத்தியதும் ஒரு யூயூஐடி (வேறெங்கும் திரும்ப வராத நீள எண்) உண்டாக்கி, நெட்வொர்க்கைத் தொடுவதற்கு முன்னால் போனில் இருக்கும் டேட்டாபேஸில் எழுதிவிடுங்கள், அப்புறம்தான் அனுப்ப வேண்டும். இந்த வரிசை முக்கியம். அனுப்பிவிட்டு எழுதினால், நடுவில் ஆப் மூடிக்கொண்டால் எண் போய்விடும். பதில் வராமல் அவர் மறுபடி அழுத்தினால் புது எண் இல்லை, எழுதிவைத்த அதே எண்தான் போக வேண்டும். சர்வரில் அந்த எண்ணுக்கு யூனிக் கட்டுப்பாடு (ஒரே எண்ணை இரண்டாவது முறை எழுத டேட்டாபேஸ் விடாதது) போடுங்கள், அதே எண் இரண்டாவது முறை வந்தால் புதிய வேலை எழுதாமல் பழைய வேலையின் நிலையையே திருப்பிக் கொடுங்கள். 'இருக்கிறதா' என்று முதலில் தேடிப் பார்த்துவிட்டு இல்லையென்றால் எழுதுவது போதாது, இரண்டு ரிக்வெஸ்ட் ஒரே நேரத்தில் வந்தால் இரண்டுமே 'இல்லை' என்று பார்த்துவிட்டு இரண்டுமே எழுதிவிடும், டேட்டாபேஸ்தான் தடுக்க வேண்டும். பணம் வாங்கும் சேவைகள் இதை ஐடெம்பொட்டென்சி கீ என்று சொல்கின்றன, ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் ஸ்ட்ரைப் நிறுவனம் இதை வெகுநாளாக வைத்திருக்கிறது. அதே எண்ணோடு வேறு தொகை வந்தால் மட்டும் மறுத்துவிடுங்கள், அது ஆப்பில் இருக்கும் பிழை.

முன்பணத்துக்கு இது கட்டாயம். மாதக் கணக்குக்கு இன்னும் எளிது, விவசாயி எண்ணும் மாதமும் சேர்ந்தாலே போதும், ஒருவர் 5 முறை அழுத்தினாலும் ஒரே வேலைதான். ஆனால் இடையில் யாராவது எடையைத் திருத்தினால் பழைய பிடிஎஃப்பே அவருக்குப் போய்ச் சேர்ந்துவிடக்கூடாது, கடைசியாகத் திருத்திய நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், சீட்டு எண் தெரிந்தால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். நிலை கேட்கும்போதும் அது கேட்பவருடைய வேலைதானா என்று பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் எவ்வளவு இலை கொடுத்தார், எவ்வளவு கடன் வாங்கினார் என்பது ஊருக்குள் சின்ன விஷயம் இல்லை.

---

கட்டபெட்டு_பச்சை பதில்:

அண்ணா, 202 தொலைந்துபோகலாம் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை. மிக்க நன்றி. கணக்குப் போடும் அந்தத் தனி வொர்க்கருக்கு என்ன வைப்பது? வேலைகளை வரிசையில் வைத்துக் கொடுக்கும் ரேபிட்எம்க்யூ எல்லாம் நிறுவி அதையும் கவனித்துக்கொள்ள இரண்டு பேரால் முடியாது. வெப்சாக்கெட் பற்றியும் சொல்லுங்கள், நண்பருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

---

பாலாடா_காரட் பதில்:

போஸ்ட்கிரெஸ் வைத்திருக்கிறீர்கள், 600 பேருக்கு அதுவே போதும். 9.5 பதிப்பிலிருந்து ஸ்கிப் லாக்ட் இருக்கிறது, அதாவது ஒரு வொர்க்கர் பூட்டிய வரியை இன்னொரு வொர்க்கர் காத்திருக்காமல் தாண்டிப் போய் அடுத்த வரியை எடுக்கும். டேட்டாபேஸில் எழுதிய வேலை வரிகளே உங்கள் க்யூ. ஒன்றை மட்டும் விடாதீர்கள், வொர்க்கர் வேலையை எடுத்த நேரத்தை எழுதிவைக்க வேண்டும். கரண்ட் போய் வொர்க்கர் செத்துவிட்டால் அந்த வேலை 'ஓடுகிறது' என்றே நின்றுவிடும், போன் விடியும்வரை கேட்டுக்கொண்டிருக்கும். எடுத்து 10 நிமிடம் ஆகியும் முடியாததை மறுபடி வரிசையில் போடுங்கள், மூன்று முறை எடுத்தும் முடியவில்லை என்றால் 'தோற்றது' என்று முடித்துவிடுங்கள்.

---

சோலை_வழி பதில்:

வெப்சாக்கெட் பற்றி நான் சொல்கிறேன், கூடலூரில் இருந்து இரண்டு வருடம் அதோடு மல்லுக்கட்டியவள். சிக்னல் நிலையாக இருக்கும் இடத்தில் அது அருமையானது. நம் ஊரில் இணைப்பு அறுந்ததே இரண்டு பக்கத்துக்கும் உடனே தெரியாது, தெரிந்து மறுபடி இணைக்கும்போது 'நான் இல்லாத நேரத்தில் என்ன நடந்தது' என்று கேட்டுத்தான் ஆக வேண்டும். அந்தக் கேள்விக்கு ஒரு முகவரி எழுதினால் அது போலிங்தான். எப்படியும் எழுதப்போவதை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம். போலிங்கில் ஒவ்வொரு கேள்வியும் தனிச் சின்ன இணைப்பு. ஒன்று அறுந்தால் ஒன்றும் நஷ்டமில்லை, அடுத்த வளைவு தாண்டியதும் கேட்டுக்கொள்ளலாம்.

முடிந்ததும் சர்வரே போனைக் கூப்பிடும் வெப்ஹூக் போனுக்கு ஒத்துவராது, மொபைல் நெட்வொர்க்கில் போனுக்கு வெளியிலிருந்து எட்டக்கூடிய முகவரி பெரும்பாலும் கிடையாது. அது சர்வருக்கும் சர்வருக்கும் இடையே நல்லது. லாங் போலிங் என்று ஒன்று உண்டு, போன் கேட்டதும் சர்வர் 20 நொடி பதிலைப் பிடித்துவைத்து, அதற்குள் முடிந்தால் உடனே சொல்லும். நன்றாகத்தான் இருக்கும், ஆனால் பிடித்துவைத்திருக்கும் ஒவ்வொரு போனுக்கும் உங்கள் குனிகார்ன் வொர்க்கர் ஒன்று மாட்டிக்கொள்ளும். இந்த அமைப்பில் வேண்டாம்.

எத்தனை நொடி என்ற கேள்விக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 600 போன் 2 நொடிக்கு ஒருமுறை கேட்டால் நொடிக்கு 300 ரிக்வெஸ்ட், கணக்குப் போட வேண்டிய டேட்டாபேஸ் 'இன்னும் இல்லை' என்று சொல்வதிலேயே களைத்துவிடும். 30 நொடிக்கு ஒருமுறை என்றால் நொடிக்கு 20தான். அதனால் முதலில் 3 நொடி, அப்புறம் 6, 12, 24 என்று கூட்டிக்கொண்டே போய் 30-இல் நிறுத்துங்கள். வரிசை காலியாக இருக்கும் நாளில் சீக்கிரம் முடிந்தவருக்குச் சீக்கிரம் கிடைக்கும், கூட்ட நாளில் சர்வருக்கும் மூச்சு விட இடம் இருக்கும்.

ஒவ்வொரு இடைவெளியிலும் கொஞ்சம் முன்பின்னாக ஒரு ரேண்டம் அளவைச் சேருங்கள், 30 என்றால் 20-க்கும் 40-க்கும் நடுவில் எங்கேயோ. இது எங்கள் பக்கம் தென்மேற்கு மழையில் கற்றுக்கொண்டது. டவர் அணைந்து ஒரு மணி நேரம் கழித்து வந்ததும், காத்திருந்த அத்தனை போனும் ஒரே நொடியில் கேட்டன, சர்வர் திணறியது, எல்லாம் ஒரே இடைவெளி விட்டு மறுபடி ஒரே நொடியில் கேட்டன. உங்களுக்கு அதே பாடம் ஐப்பசி மழையில் வரும்.

முடிந்தால் இந்த இடைவெளியை ஆப்பில் எழுதிப் பூட்டாதீர்கள், சர்வர் ரீட்ரை-ஆஃப்டர் ஹெடரில் சொல்லட்டும். ஸ்டாண்டர்டில் அதை 503-க்கும் (இப்போது முடியாது) 3-இல் தொடங்கும் திருப்பிவிடும் பதில்களுக்கும் விளக்கியிருக்கிறார்கள், 429-க்கும் (அளவுக்கு மீறிக் கேட்கிறாய்) உண்டு, மற்றப் பதில்களோடு அனுப்புவது பழக்கத்தில் வந்தது, நம் ஆப் படித்தால் போதும். வரிசையில் 200 பேர் இருந்தால் 60 என்று அனுப்புங்கள், யாரும் இல்லையென்றால் 3. ஆப்பை அப்டேட் செய்யாத பெரியவர்களின் போனையும் இப்படிக் கட்டுப்படுத்தலாம்.

ஆப் திரையில் இருக்கும்போது மட்டும் இப்படிக் கேளுங்கள். மூடிவிட்டால் ஆண்ட்ராய்டின் வொர்க்மேனேஜர் மீண்டும் மீண்டும் ஓடும் வேலையை 15 நிமிடத்துக்குக் குறைவாக விடாது. அது போதும், பேட்டரியும் மிஞ்சும். மறுபடி திறந்ததும் சேமித்த சீட்டு எண்ணை வைத்து முதல் வேலையாகக் கேட்டுவிடுங்கள்.

---

பழைய_சோப்பு பதில்:

நான் கொடைக்கானல், முன்பு கோயம்புத்தூரில் ஜாவா வெப் சர்வீஸ் வேலையில் பல வருடம் இருந்தேன். எக்ஸ்எம்எல்லில் செய்தி அனுப்பும் பழைய முறையான சோப் காலத்திலும் இதே சிக்கலைப் பார்த்தோம். அதிலிருந்து ஒன்று மட்டும், ஏனென்றால் போலிங் என்ற சொல்லே இரண்டு வெவ்வேறு விஷயத்துக்குப் பயன்படுகிறது, தேடிப் படிக்கும்போது குழம்பக்கூடாது.

ஜாவாவில் வெப் சர்வீஸ் எழுதும் ஜாக்ஸ்-டபிள்யூஎஸ் 2006-இல் வந்தபோது அதிலேயே அசின்க், அதாவது பதிலுக்குக் காத்து நிற்காமல் கூப்பிடும் வழி இரண்டு இருந்தது, ஒன்று கால்பேக் (பதில் வந்ததும் நம் ஃபங்ஷனைக் கூப்பிடுவது), இன்னொன்று போலிங். போலிங்கில் கூப்பிட்டதும் ரெஸ்பான்ஸ் என்று ஒரு ஆப்ஜெக்ட் வரும், அதனிடம் 'முடிந்ததா' என்று கேட்டுக்கொண்டிருக்கலாம். கேட்பதற்கு உங்களுக்கு வேண்டியது மாதிரியே இருக்கும். ஆனால் அந்தக் கேள்வி நெட்வொர்க்குக்குப் போவதே இல்லை, நம் கம்ப்யூட்டருக்குள்ளேயே முடிந்துவிடும். சாதாரண அமைப்பில் அடியில் அதே ஒரு எச்டிடிபி இணைப்பு பதிலுக்காகத் திறந்தபடி இருக்கும், நம் த்ரெட் மட்டும் காத்திருக்காது. நடுவில் ஃபயர்வால் 60 நொடியில் வெட்டினால் அதுவும் செத்துவிடும். ஒரு திட்டத்தில் நாங்கள் அசின்க் போட்டாகிவிட்டது என்று நிம்மதியாக இருந்து, இரண்டு வாரம் கழித்துத்தான் இதைக் கண்டுபிடித்தோம்.

உண்மையில் பதிலைத் தனி இணைப்பில் வாங்க, டபிள்யூஎஸ்-மேக்கனெக்‌ஷன் என்று ஒன்றை ஸ்டாண்டர்டுகளை வகுக்கும் ஓயாசிஸ் அமைப்பு கொண்டுவந்தது, 1.1 பதிப்பு 2009-இல் ஸ்டாண்டர்ட் ஆனது. ஃபயர்வாலுக்குப் பின்னால் இருக்கும் கிளையன்ட்டை சர்வர் கூப்பிட முடியாது, அதனால் கிளையன்டே தன் அடையாளத்தைச் சொல்லி 'எனக்கு ஏதாவது வந்திருக்கிறதா' என்று கேட்டு வாங்கிக்கொள்ளும். மேலே குந்தா நண்பர் சொன்ன, போனே உண்டாக்கும் சீட்டும் அடிப்படையில் அதே யோசனைதான். இன்று கோட்லினில் சஸ்பெண்ட் ஃபங்ஷன், ஜாவாஸ்கிரிப்டில் அவெய்ட் போடுகிறவர்களும் அன்று நாங்கள் அசின்கில் ஏமாந்த அதே இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். திரை உறையாமல் இருக்கும், இணைப்பு 4 நிமிடம் திறந்தேதான் இருக்கும்.

இன்னொரு கேள்வி. அந்த மாதத்து இலை விலை தெரிந்த அன்று இரவே 600 கணக்கையும் போட்டு வைத்துவிட்டால் என்ன? ஒரு கணக்கு 40 நொடி, 600-க்கு 24,000 நொடி, 4 வொர்க்கர் என்றால் 1 மணி 40 நிமிடம். காலையில் எல்லோருக்கும் தயாராக இருக்கும்.

---

கட்டபெட்டு_பச்சை பதில்:

ஐயா, காலைவரை எடைத் திருத்தம் வந்துகொண்டே இருக்கும், அதனால்தான் அப்படிச் செய்யவில்லை. ஆனால் நீங்கள் சொன்ன பிறகு எண்ணிப் பார்த்தேன், திருத்தம் வருவது மொத்தத்தில் 30, 40 பேருக்குத்தான். இரவே போட்டுவிட்டு, திருத்தியவர்களுக்கு மட்டும் கேட்கும்போது மறுபடி போடலாம். ஒரு மாதம் ஓட்டிவிட்டு இங்கே சொல்கிறேன்.

---

கட்டபெட்டு_பச்சை பதில்:

சொன்னபடி வந்திருக்கிறேன். 1-ஆம் தேதி முடிந்தது. போனே சீட்டு எண் உண்டாக்குகிறது, சர்வர் 202 கொடுக்கிறது, ஸ்கிப் லாக்ட் வைத்து 3 வொர்க்கர், இடைவெளியை சர்வரே சொல்கிறது. 504 ஒன்றுகூட வரவில்லை.

முன்பணத்தில் ஒரே சீட்டு எண் ஒரு முறைக்கு மேல் வந்தது இந்த மாதம் 11 தடவை. 11 தடவையும் டேட்டாபேஸ் தடுத்துவிட்டது. பழைய முறையாக இருந்தால் 11 வீட்டில் கூடுதலாகப் பிடித்திருப்போம் என்பதை நினைக்கவே பயமாக இருக்கிறது. போன மாதத்துப் பெரியவர் ஷெட்டுக்கு வந்திருந்தார், அவரையே அழுத்தச் சொல்லி, நடுவில் போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, மறுபடி திறந்து காட்டினேன். 'சீட்டு எண் இருக்குது, வேலை நடக்குது' என்று திரையில் வந்ததைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கிறது. முடிந்த வேலையின் வரிகளையும் பிடிஎஃப்பையும் எத்தனை நாள் வைத்திருப்பது?

---

குந்தா_நீர் பதில்:

பிடிஎஃப்பை 3 மாதம் வையுங்கள் தம்பி, அப்புறம் அந்த முகவரிக்கு 410 ('இருந்தது, இப்போது இல்லை') கொடுத்து 'மறுபடி போடவா' என்று ஆப்பில் கேளுங்கள். 404 கொடுக்காதீர்கள், அப்படி ஒரு கணக்கே இல்லை என்று ஆகிவிடும். முன்பணத்துச் சீட்டு எண்ணை மட்டும் அழிக்கவே அழிக்காதீர்கள். ஒரு வரிதானே, இடம் ஒன்றும் பெரிதாக அடைக்காது. பெட்டிக்குள் ஆறு மாதம் கிடந்த போனை யாராவது சார்ஜ் போட்டுத் திறந்தால், அனுப்பாமல் நின்ற ரிக்வெஸ்ட் அன்றைக்குத்தான் கிளம்பும்.